குடும்ப ஞாயிறுக்கு இரவல் போனவன்

“குடும்ப ஞாயிறு ஆராதனையில் பிறருடன் அமர்த்தப்படும் பிள்ளைகள், ஆசீர்வாதம் முடிந்தவுடன், புகைப்படம் எடுக்கப்படுவதற்கு முன்பாக, தத்தம் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.”

எங்கள் சபைச் சுற்றறிக்கை ஒன்றின் கடைசிப் பத்தி இது. எழுதியவர் சபைச் செயலாளராக இருந்த என் அப்பா. மீறப்பட்டபோது பக்கத்தில் இல்லாமல் போனவரும் அவரே. நானும் பிற்காலத்தில் ராணுவத்தில் எழுத்தராக இருந்து, தலை நரைக்கும் முன்பே ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவன். கட்டுக்கட்டாகச் சுற்றறிக்கைகள் தட்டச்சு செய்த அனுபவத்தில் சொல்கிறேன்: மீறப்படுகிற விதி பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். அதுவரை யாரும் படிப்பதில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அபுதாபியில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஆங்கிலேயர்களின் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் பிலிப்பைன்ஸ்காரர்கள், பின்னால் மலையாளிகள். நாட்டுக்கே விடுமுறை வெள்ளி என்பதால் ஞாயிறு ஆராதனை வெள்ளியில் நடந்தது, ஞாயிறு பள்ளியும் வெள்ளியில் நடந்தது. விடுமுறைக்கு ஊர் போனபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கோயிலுக்குக் கிளப்பினார்கள். அது எனக்கு ஏதோ முறைகேடாகவே பட்டது.

அந்த நாட்டில் எங்களவர்கள் இரண்டு வகை: ஃபேமிலி, பேச்சிலர். பேச்சிலர் என்றால் மணமாகாதவன் அல்ல. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவன். ஹோட்டலில் ஃபேமிலிக்குத் திரை போட்ட அறை, பேச்சிலருக்கு வெளியே பெஞ்சு. சில பூங்காக்களில் பேச்சிலர் நுழையவே முடியாது. ஊருக்கு வெளியே முசஃபா தொழிற்பேட்டையின் பட்டறைகளில் வேலை செய்து, கம்பெனி கேம்ப்களில் தங்கியிருந்த பேச்சிலர்களைச் சபையின் கோஸ்டர் வண்டி வெள்ளிதோறும் ஏற்றி வரும். ஆராதனை, அதன்பின் தேநீர், சமோசா, அவ்வப்போது ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நர்ஸ். இந்த ஏற்பாட்டுக்குச் சமூக ஊழியம் என்று பெயர். அதை நடத்தியவர் அம்மா. ஞாயிறு பள்ளியும் அவர் பொறுப்புதான்.

குடும்ப ஞாயிறு ஆண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் கூப்பிடுவார்கள். அவர்கள் முன்னால் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, ஐயரிடம் ஜெபம் வாங்கித் திரும்புவார்கள். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பேச்சிலர்கள் பின் வரிசைகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். கடைசியில் ஐயர் அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு ஜெபம் செய்வார். அப்படி ஒரு வருடம் ஆராதனை முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம், திசையன்விளைப் பக்கத்து வெல்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “எங்களுக்கும் குடும்பம் இருக்குக்கா, பாஸ்போர்ட்டு மாரி. கையில இல்ல, அவ்வளவுதான்.”

அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் கம்பெனியின் அலமாரியில் இருந்தன.

அடுத்த வருடம் அம்மா ஒரு திட்டம் கொண்டுவந்தார். வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பேச்சிலர்களுக்கு இரவல் கொடுப்பது. ஆராதனை முழுக்க அந்தப் பிள்ளை அவருடன் உட்காரும், அவருடன் போய் மெழுகுவர்த்தி ஏற்றும்.

“பிள்ளைகள இரவல் குடுக்க விதி கெடையாது” என்றார் அப்பா.

“குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?”

அப்பா இரண்டு நாள் தேடினார். இல்லை. ஆகவே சுற்றறிக்கை எழுதினார். கடைசிப் பத்தியை மட்டும் அம்மாவிடம் விட்டுக்கொடுக்கவில்லை. புகைப்படம் ஓர் ஆவணம், ஆவணத்தில் உள்ளதுதான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

என்னைப் பெற்றுக்கொண்டவர் அந்த வெல்டர் மாமாதான். யாரிடமோ வாங்கிய கோட்டுப் போட்டிருந்தார், தோள் இரண்டும் அவருடையவை அல்ல. என் வயதில் அவருக்கு ஒரு மகன் இருந்தான். அவன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பார்த்தது. அவனும் நானும் அப்போது ஐந்தாம் வகுப்பு. பிரசங்கம் நடக்கும்போதே என்னைத் தாழ்ந்த குரலில் விசாரித்தார். எத்தனை பல் விழுந்து முளைத்திருக்கிறது, செருப்பு என்ன அளவு, சைக்கிள் பெடல் எட்டுமா, இன்னும் அம்மா பக்கத்தில்தான் தூங்குகிறேனா. ஞாயிறு பள்ளித் தேர்வில்கூட எனக்கு இவ்வளவு கேள்வி வந்ததில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் தலையை ஆட்டி, அதை எங்கேயோ குறித்துக்கொள்வது போலிருந்தார்.

பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு வாட்ச் எடுத்தார். கறுப்புப் பிளாஸ்டிக், பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். முசஃபாவில் காயல்பட்டினத்துப் பாய் கடையில் மகனுக்காக வாங்கியது.

“கையக் காட்டுய்யா. அளவு பாத்துக்கிடுதேன்.”

கட்டிப் பார்த்தார். “மூணாவது ஓட்டை” என்றார், மகனையே அளந்துவிட்ட நிம்மதியில்.

அப்போது பெயர் கூப்பிட்டார்கள். வாட்ச் என் கையிலேயே இருக்க, போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஆசீர்வாதம் முடிந்தது. சுற்றறிக்கைப்படி என்னைத் திரும்பப் பெற வேண்டிய அப்பா வாசலில் இன்னும் பத்து நிமிடம் கேட்டு மலையாளிகளுடன் வாதாடிக்கொண்டிருந்தார். அவர்களுடைய பாடகர் குழு அங்கி மாட்டித் தயாராக நின்றது. போட்டோ எடுப்பவர் அவசரப்படுத்தினார். “கர்த்தர் எனக்குத் தந்த குடும்பம்” என்று எழுதிய பேனரின் கீழே, மாமா என் தோளில் கை போட்டு நிற்க, நான் வாட்ச் தெரியும்படி கையை முன்னால் வைத்துக்கொள்ள, படம் எடுக்கப்பட்டது. பிறகு வாட்சைக் கழற்றிக் கொடுத்தேன். மனமில்லாமல்தான்.

அவர் படத்தையும் வாட்சையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்.

அதன்பிறகு நடந்தது, ஒரு வெள்ளிக்கிழமைத் தேநீர் மேசையருகே அவர் அப்பாவிடம் சொன்னபோது தெரியவந்தது.

“அண்ணாச்சி, பொட்டலம் போய்ச் சேந்ததுலேருந்து வீட்டுக்காரி எம் மவன போனுக்குக் கூப்பிட மாட்டக்கா. ஒரு வாரம் தூங்குதாம்ங்கா, ஒரு வாரம் ட்யூசன் போயிட்டாம்ங்கா. நான் அடிக்கது பக்கத்து வீட்டுப் போனு. அவ்வளவு பேரும் கேட்டுட்டு நிப்பாவ. நான் என்னத்தக் கேக்க?”

பக்கத்தில் அவருடைய அறைத்தோழர் சமோசா தின்றுகொண்டிருந்தார். புதுக்கோட்டைக்காரர். முருக பக்தர். டவுனுக்கு வண்டி இலவசம் என்பதற்காக வாரம் தவறாமல் எங்கள் ஆராதனைக்கு வருபவர்.

“அண்ணே, சொல்றேன்னு கோவப்படாதீங்க. நீங்க கோட்டு சூட்டுல நிக்கிறீங்க. பக்கத்துல ஒரு பய. மேல போர்டு வேற, ஆண்டவன் தந்த குடும்பம்னு. பாக்குறவுக என்ன நெனைப்பாக? இங்கிட்டு ஒரு செட்டப்பு இருக்குன்னுதான்.”

“செட்டப்பா? பன்னெண்டு பேரு ரூம்புல மேக்கட்டில்லயா?”

“அது நமக்குத் தெரியும். போட்டோவுக்குத் தெரியுமா?”

மாமா சிரிக்கவில்லை. அடுத்த வாரம் மனைவியிடம் நேராகவே கேட்டுப் பார்த்தார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லி அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார். ஒன்றுமில்லை என்றால் என்னவோ இருக்கிறது என்று புதுக்கோட்டைக்காரர் விளக்கம் சொன்னார். மாமா சமோசா எடுப்பதை நிறுத்தினார். வண்டியில் ஏறும்போது என் தலையைத் தொடுவதையும் நிறுத்தினார்.

அப்பாவுக்கு இது சபையின் பிழையால் வந்த அவதூறு. ஆகவே முறைப்படி நீக்கப்பட வேண்டியது. மாமாவின் ஊர் ஐயருக்கு ஒரு கடிதம் தயாரித்தார். இணைப்பு ஒன்று, என் பிறப்புச் சான்றிதழின் நகல். இணைப்பு இரண்டு, எங்கள் குடும்பப் படம், நான் அம்மாவின் இடப்பக்கம். இணைப்பு மூன்று, சுற்றறிக்கை, கடைசிப் பத்தி அடிக்கோடிட்டு. நானே ஒரு சாட்சியமாக இருந்ததில் எனக்குப் பெருமை. ஆலயத்தின் ஆங்கிலப் பாதிரியாரும் மேலொப்பம் இட வேண்டும் என்றார் அப்பா. பாதிரியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்த மனிதர் ஏன் தம் மகனிடமே பேசக் கூடாது என்றார். அதற்குத்தான் இந்தக் கடிதம் என்று அப்பா பதில் சொன்னார். பாதிரியார் கையெழுத்திட்டார்.

கடிதம் நேராக ஊர் ஐயருக்குப் போகவில்லை. சபைகளின் மேலிடமான திருமண்டல அலுவலகம் வழியாகப் போனது. அதுதான் முறை. வெயில் ஏறியது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஒவ்வொரு வெள்ளியும் மாமா அப்பாவின் முகத்தைப் பார்ப்பார், அப்பா தலையை அசைப்பார்.

கோடை விடுமுறை முடிகிற சமயம் அப்பாவின் அலுவலகத் தபால்பெட்டிக்குப் பதில் வந்தது. உறை தடித்திருந்தது. வீட்டில் அப்பா அதை அம்மாவுக்கு உரக்கப் படித்தார்.

“தங்கள் கடிதமும் இணைப்புகளும் கிடைத்தன. வீட்டுக்கே போய் விசாரித்தேன். அந்த அம்மாளுக்குத் தம் கணவர்மீது எந்தச் சந்தேகமும் இல்லை, இருந்ததும் இல்லை. போனுக்கு வர மறுப்பது பையன். அவர் வருந்துவாரே என்று தாய் மறைத்திருக்கிறார். படத்தில் இருக்கிற பையனுக்கு அப்பா இல்லையா என்று என்னிடம் கேட்டான். இருக்கிறார், செயலாளர் அவர்தான் என்று தங்கள் இணைப்பு இரண்டைக் காட்டினேன். அப்படியானால் என் அப்பா எதற்கு என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்தால் தெரிவிக்கவும். வாட்ச் அந்தப் பையன் கட்டியது, அவனிடமே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லித் தந்தான். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.”

அப்பா வழக்கப்படி கடிதத்தின் மேல் மூலையில் பெறப்பட்ட தேதியைக் குறித்தார். அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். எனக்கு அந்தக் கடிதத்தில் விளங்கியது ஒரே விஷயம்: வாட்ச் எனக்கு. எழுத்துப்பூர்வமாக, ஓர் ஐயரின் கையெழுத்துடன்.

வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் பின் மாமாவை வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். கடிதத்தைப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு வாட்சை எடுத்துத் தம் கையில் கட்டிக்கொண்டார். வெல்டரின் மணிக்கட்டு, வார் லேசில் எட்டவில்லை. கடைசித் துளையில் இழுத்து மாட்டினார். சதை இரண்டு பக்கமும் பிதுங்கியது.

“அப்பா, அது எனக்குன்னு லெட்டர்ல இருக்கு” என்றேன்.

மாமாதான் பதில் சொன்னார்.

“ஒனக்குன்னுதான்யா எழுதிருக்கு. நான்தான் குடுக்க மாட்டேன்.”

அம்மா போனை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். பக்கத்து வீட்டிலிருந்து மனைவி வரும்வரை காத்திருந்து, மாமா பேசினார்.

“அவனக் கூப்பிட வேண்டாம். நான் சொல்லுதத மட்டும் அவங்கிட்ட சொல்லு. வாட்ச்சு எங் கையிலதான் கெடக்கு. சின்னதா இருக்கு, வலிக்கு. அவனா வந்து கேக்குற வரைக்கும் கழத்த மாட்டேம்னு சொல்லு.” கொஞ்ச நேரம் கேட்டார். “இல்ல, அழல. நீ போய்ச் சொல்லு.”

அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் கோஸ்டர் வந்து நின்றதும் நான் ஓடிப்போய் முதலில் பார்த்தது அவருடைய கையைத்தான். அவர் சலித்துப்போய்க் கழற்றினால் அது முறைப்படி எனக்கு வந்துவிடும் என்பது என் கணக்கு. வாட்ச் இருந்தது. கண்ணாடியில் கீறல் விழுந்தது. வாரின் ஓரத்தில் நெருப்புப் பொறி பட்டு ஒரு குழி. மணிக்கட்டு அழுந்திச் சிவந்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டு வேலை செய்ததற்கு ஃபோர்மேன் திட்டியதாகப் புதுக்கோட்டைக்காரர் சொன்னார். “மூஞ்சிக்கு மாஸ்க்கு போட்டுக்கிட்டு, கையில பொம்மை வாட்ச்சக் கட்டிக்கிட்டு வெல்டிங் அடிக்கிறாரு அண்ணன். பாகிஸ்தான் பட்டாணிகூடச் சிரிக்கிறான்.” ஆனால் சொன்னவர் சிரிக்கவில்லை.

ஒரு வெள்ளி, வண்டியிலிருந்து மாமா இறங்கியபோது கை வெறுமையாக இருந்தது. வெயிலில் கறுத்த மணிக்கட்டில் வாட்ச் அளவுக்கு ஒரு வெளுத்த வளையம்.

“வாட்ச் எங்க மாமா?”

“கழத்திட்டேன்யா. ஊருக்குப் போற ஆள்ட்ட குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“அவனுக்குத்தான். இன்னைக்கு அவனே போனு எடுத்தான்.” குனிந்து என் தலையைத் தொட்டார். “யப்பா, இன்னும் கை வலிக்கான்னான். வேற ஒண்ணும் கேக்கல.”

நான் ஏமாற்றப்பட்டுவிட்டேன் என்று எனக்கு உறுதியானது. கடிதத்தை வைத்தே நியாயம் கேட்பதென்று, அன்று வீட்டுக்கு வந்ததும் கோப்பை எடுக்கச் சொல்லி அப்பாவிடம் அடம்பிடித்தேன். அவர் எடுத்தார். எனக்குப் படித்துக் காட்டுவார் என்று நின்றேன். அவரோ ‘என் அப்பா எதற்கு’ என்ற வரியில் ஒருமுறை விரலை வைத்துவிட்டு, பேனாவைத் திறந்து, ஐயரின் கடிதத்து மூலையில் தாமே முன்பு எழுதிய தேதியின்மேல் ஒரு கோடு இழுத்து அடித்தார். ஆவணத்தில் அடித்துத் திருத்துவது முறையல்ல என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். எதற்காக அப்படிச் செய்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அடித்ததற்குக் கீழே, பதில் பெறப்பட்ட நாள் என்று நிதானமாக எழுதி, அன்றைய தேதியைப் போட்டார்: செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை.