பீப்பாய்க்கு ஒரு போர்வை

சாயங்காலம் தீவன ஆலையைப் பூட்டுமுன் திஹோமிர் யாருக்கோ வாத்திறகுப் போர்வையைப் போர்த்திவிட்டு, "தூங்கு தங்கம், காலைல உன்ன நம்பித்தான் எல்லாம்" என்கிறான். சாராயக்கடையில் உறுதியான தகவல். கதவிடுக்கில் பார்த்தவர் தபால்காரர். முகம் தெரியவில்லையாம், இடுப்பு மட்டும் தெரிந்ததாம். இடுப்பு பெரிது என்பதில் கடையே ஒருமனதாக இருந்தது. திஹோமிர் ஐம்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. போர்வையோ, ஓரத்துச் சிவப்புப் பூவேலையை வைத்துச் சொன்னால், பக்கத்துத் தெரு விதவை விதோசாவாவுடையது. பொதுநலன் கருதி நேரில் போய்ப் பார்த்தேன்.

இடுப்பு உண்மைதான். பீப்பாயுடையது.

உள்ளே பீட் கிழங்குச் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகு. எங்கள் பாச்காச் சமவெளியின் ஜனவரியில் அது தார் போல இறுகிவிடும். இறுகிய பாகு மாவோடு சேராது. சேராவிட்டால் கன்றுகளுக்கான குச்சித் தீவனம் பொடியாய் உதிரும். "பொடி மூக்குல ஏறினா நீங்க சாப்பிடுவீங்களா, சொல்லுங்க? கன்னுக்குட்டியும் மனுஷன்தான்" என்றான்.

இயந்திரத்திலிருந்து சூடாக விழும் முதல் குச்சியை அவனே கடித்துப் பார்ப்பான். 'டொக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் பாகு கூடிவிட்டது. "இனிப்பு மீறினா குட்டிக்கு வயிறு கழியும், மிஷினுக்குத் தொண்ட அடைக்கும்." காப்பிக்கு மட்டும் சர்க்கரை போடமாட்டான். மீசையில் எப்போதும் கருகிய சர்க்கரை வாசம். கோடையில் தேவாலயத்தில் அவன் பக்கத்து இடம் ஈக்களுக்கு.

போர்வை வந்த கதை சிறியது. இறுகிய பாகில் செய்த தீவன மூட்டை ஒன்று விதோசாவா வீட்டுக்குப் போயிருந்தது. அவளுடைய ஒரே கிடாரிக் கன்று ருமென்கா முகர்ந்தது, தும்மியது, திரும்பிக்கொண்டது. பால் வாளியைத் தவிர எதிலும் வாய் வைக்கவில்லை. "பூரா பாலையும் இதுவே குடிச்சா நான் எதை விக்கிறது? ஞாயித்துக்கெழமை சந்தைக்கு முன்னால தீவனம் திங்கலைன்னா கசாப்புக்காரனுக்குத்தான்" என்றாள். "ரெண்டு நாளைக்குப் போர்வை குடு. திங்க வைக்கிறேன்" என்றான் இவன்.

நான் நின்றிருந்தபோதே அவள் வந்துவிட்டாள்.

"யோவ், ரெண்டு நாள் ஆச்சு. ராத்திரி நான் என்ன, தபால்காரன் வாயையா போத்திக்கிட்டுத் தூங்குறது?"

திஹோமிர் புதுக் குச்சியில் ஒன்றைக் கடித்தான், டொக். சட்டைப்பையை நிரப்பிக்கொண்டு அவள் தொழுவத்துக்கு நடந்தான். மீசை வாசத்துக்குத் தெருநாய்கள் பின்னால், பொதுநலனும் பின்னால்.

உள்ளங்கையில் நீட்டினான். ருமென்கா முகர்ந்தது. விதோசாவா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தும்மல் வரவில்லை. ஒருமுறை நக்கியது, யோசித்தது, கை காலியானதும் அவன் சட்டைப்பைக்குள்ளேயே மூக்கை விட்டது.

"பாகு கொஞ்சம் கொறச்சலோ?" என்றாள் விதோசாவா, தானும் ஒரு குச்சியைக் கடித்துப் பார்த்து, தலைக்குட்டை நுனியால் மூக்கைத் துடைத்தபடி.

"சமைச்சது உனக்கில்ல விதா, அவளுக்கு."

ஞாயிறன்று ருமென்கா சந்தைக்குப் போகவில்லை. போர்வையும் வீட்டுக்குப் போகவில்லை. குளிர் விட்டதும் தருவதாகப் பேச்சு.

இப்போது மே மாதம். பாகு தண்ணீராய் ஓடுகிறது. நேற்று ஆலை வேலியில் போர்வை வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"என் போர்வை?" என்றாள், வாளியோடு அந்தப் பக்கம் வந்த விதோசாவா.

"இன்னும் ஈரம் போகல, விதா."

தொட்டுப் பார்த்தாள். அப்பளம் போலக் காய்ந்திருந்தது.

"ஆமா, ஈரந்தான்" என்று மறுபக்கம் திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள்.