பனி விழுந்தால் வரும் கேமரா

என் அக்கா கணவர் கர்சல்லாவைத் தெரியாதவர்கள் கஸ்ரீன் மாவட்டத்தில் குறைவு. தலைநகர்த் தொலைக்காட்சிக்கு எங்கள் மலைப்பக்கத்து நிருபர் அவர்தான். நிருபர் என்றதும் மாதச் சம்பளம், அலுவலக வண்டி என்று கற்பனை செய்துவிட வேண்டாம். செய்தி ஒளிபரப்பானால் ஏதோ கொடுப்பார்கள். ஆகாவிட்டால் பெட்ரோல் செலவும் அவர் தலையில்தான் விழும்.

மனிதர் சளைக்காமல் அனுப்பிக்கொண்டே இருந்தார். எங்கள் அயின் ரும்மான் ஊர்ப் பெண் ஒருத்தி கணக்குத் தேர்வில் மாவட்டத்தையே முந்தினாள், அதை அனுப்பினார். மூடிக் கிடந்த பளிங்குக் குவாரியைத் தொழிலாளர்கள் சங்கம் வைத்து எடுத்து நடத்தினார்கள், அதையும் படம் பிடித்து அனுப்பினார். எதுவும் வரவில்லை. அந்த நேரத்தில் கடற்கரை ஊர் எதிலாவது படகுப் போட்டி நடக்கும், அதைக் காட்டுவார்கள். நாங்கள் திரையில் வர வேண்டுமென்றால் பனி விழ வேண்டும். விழுந்த மறுநாளே வண்டி வந்து நிற்கும். நடுங்குகிற கிழவியையும் ஒழுகுகிற கூரையையும் பிடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள்.

நான் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கரண்ட் பில் கட்ட எல்லாரும் என் சன்னலுக்குத்தான் வர வேண்டும். அந்தப் பில்லிலேயே தொலைக்காட்சிக்கென்று ஒரு தொகை சேர்ந்திருக்கும். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். பில்லை நீட்டும்போதே வசவும் சேர்ந்து வரும்.

"தலீலா, உங்க அத்தான்கிட்ட சொல்லி வை. கடலைக் காட்டறதுக்கு கடற்கரைக்காரன்கிட்ட வாங்கச் சொல்லு. நாங்க எதுக்கு தண்டம் அழணும்?" என்பார் ரொட்டிக்கடை லக்தர்.

"அவரும்தான் கட்டறார், அவரையும்தான் காட்ட மாட்டேங்கறாங்க. மீதியை எண்ணிப் பார்த்துக்கங்க" என்பேன்.

எங்கள் பக்கத்து வீடு ஜாஸ்யாவுடையது. கர்சல்லா பிறந்தபோது அவர் தாய் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். மடியில் தன் பிள்ளை தீஜானியை வைத்திருந்த ஜாஸ்யாதான் இவரையும் மறுபக்கம் போட்டுப் பால் கொடுத்தாள். எங்களிடம் பால் கொடுத்தவளுக்கும் பெற்றவளுக்கும் வித்தியாசம் கிடையாது. ஒரே மார்பில் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள். பால் மகன் வாய்விட்டு ஒன்று கேட்டு, தாய் இல்லை என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தீஜானி கடற்கரை ஊரான சூஸாவில் ஒரு ஓட்டலில் சமையல்காரன். தாய்க்கு ஒரு குறையும் வைக்காதவன். ஜாஸ்யாவின் சேமிப்பு அறையைத் திறந்தால் கண் நிறைந்துவிடும். கோடையில் கோதுமை ரவையை உருட்டிக் காயவைத்த கூஸ்கூஸ், ஜாடி ஜாடியாக ஆலிவ் எண்ணெய், உப்பிட்டு உலர்த்திய இறைச்சி என்று குளிர்காலம் முழுவதற்கும் அடுக்கியிருப்பாள். யார் வந்தாலும் முதலில் அந்தக் கதவைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வாள். "என் மகன் சம்பாத்தியம், பாரு" என்பாள். அவளுக்கு நகை நட்டு எல்லாம் அந்த அறைதான்.

அந்த வருடம் பனி கொட்டித் தீர்த்தது. கணவாயில் ஆம்புலன்ஸ் சிக்கி, உள்ளேயே ஒருத்திக்குப் பிரசவமாகி, குழந்தை தங்கவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் வாங்கி இறங்கி வந்தது கர்சல்லாதான். பனி வழிக்கிற இயந்திரம் ஒன்று ஊருக்கு வேண்டும் என்று அவர் எத்தனையோ முறை கேட்டிருந்தார். அன்று முதல் வேறு பேச்சே இல்லை அவருக்கு.

பாதை திறந்ததும் தலைநகர் வண்டி வந்தது. உண்மையிலேயே குளிரில் கிடப்பவர்கள் இருப்பது மேட்டுத் தெருவில். அங்கே வண்டி ஏறாது. நடந்தே ஏறிப் போய்க் கேட்ட அத்தானிடம், போன வருடம் டி.வி.யில் வந்து பட்ட அவமானமே போதும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். கேமராக்காரருக்கு அவசரம்.

"ரோட்டோரமா ஒரு வீடு சொல்லுங்க சார். வீடு கொஞ்சம் வறுமையா இருக்கணும். இல்லாட்டி மேல இருக்கறவங்க போட மாட்டாங்க" என்றார்.

அத்தான் ஜாஸ்யாவின் வீட்டைப் பார்த்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உம்மா, அஞ்சு நிமிஷம்தான். ரோட்டுக்காகத்தான் கேக்கறேன். அந்தப் பிள்ளைய நெனச்சுப் பாருங்க."

"கம்பளத்தைச் சுருட்டணுமாடா? தீஜானி வாங்கிப் போட்டது."

"படம் எடுத்து முடிஞ்சதும் நானே விரிச்சுத் தரேன். அடுப்பை அணைச்சிருங்க. அந்தக் கதவையும் சாத்திருங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், உங்களுக்கு மூளை கலங்கிருச்சா? அந்தக் கதவையா சாத்தச் சொல்றீங்க?" என்று கத்திக்கொண்டே அவள் வாசலுக்கு ஓடினேன்.

"நீ சும்மா இரு, தலீலா! குவாரிச் சங்கத்தை அனுப்பினேன், போட்டானா? கணக்குல ஜெயிச்ச பொண்ணை அனுப்பினேன், போட்டானா? அவனுக்கு என்ன தெரியுமோ அதைத்தான் கொடுக்க முடியும்."

ஜாஸ்யா கதவைச் சாத்தினாள். வெறுந்தரையில் உட்கார்ந்தாள். இன்று வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டார்கள். அவள் கேமராவுக்குப் பின்னால் நின்ற கர்சல்லாவைப் பார்த்தாள். அவர் வெறும் கையை விரித்துக் காட்டினார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் ஜாஸ்யா.

அந்த ஒரு வார்த்தையை நாடு முழுக்க மறுபடியும் மறுபடியும் போட்டார்கள். இயந்திரம் வரவில்லை. லாரிதான் வந்தது. பழைய போர்வையும் மக்ரோனியும் ஜாஸ்யாவின் வாசலில் குவிந்தன. ஒரு மூட்டையைப் பிரித்தால் உள்ளே குதிகால் உயர்ந்த விருந்துச் செருப்பு! பனிக்கு ஏற்ற தர்மம்தான் என்று நான் சிரித்தேன். ஜாஸ்யா சிரிக்கவில்லை. தெரு பார்க்க அந்த மூட்டைகளை இழுத்து மேட்டுத் தெருவுக்கு அனுப்பிவிட்டு உள்ளே போனாள்.

பிறகு தீஜானியின் போன் வந்தது. அவன் போட்ட சத்தம் என் வீட்டு அடுப்படி வரை கேட்டது. "நான் அனுப்பினதெல்லாம் எங்கம்மா போச்சு? ஓட்டலே உக்காந்து பார்த்துச்சு. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடறான், தாயைப் பட்டினி போட்டுட்டான்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க. எவன் உன்னை அப்படிச் சொல்லச் சொன்னான்?"

ஜாஸ்யா பெயரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டபோது என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு. ரெண்டு பேருமே என்கிட்ட குடிச்சவனுங்க. ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் பிடிக்கறதைப் பார்க்கவா நான் உயிரோட இருக்கேன்?"

தீஜானி பெருநாளுக்கு வரவில்லை. போனும் நின்றுபோனது. ஜாஸ்யா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். யாருக்கும் அந்த அறையைத் திறந்து காட்டுவதில்லை.

கர்சல்லா அத்தான் அந்த மாதங்களில் பாதியாக இளைத்துப் போனார். விறகு பிளந்து கொண்டுபோய் அவள் வாசலில் போடுவார், உள்ளே போக மாட்டார். தீஜானியின் எண்ணை அழுத்துவார், மணி அடிப்பதற்குள் நிறுத்திவிடுவார். தலைநகருக்குப் பேசி, அந்த வீட்டின் உண்மையை ஒரு நிமிடமாவது காட்டும்படி கெஞ்சினார். "அழுத ஜனங்ககிட்ட போய் நீங்க ஏமாந்துட்டீங்கன்னு சொல்லவா?" என்று கேட்டு வைத்துவிட்டார்களாம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வசந்தத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. பில்லில் வரும் தொலைக்காட்சித் தொகையை உயர்த்தப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும், எங்கள் பக்கத்து உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் சண்டை பிடித்தார்கள். காட்டாத ஊர்க்காரன் எதற்குக் கட்ட வேண்டும் என்றார்கள். உடனே தலைநகருக்கு எங்கள் ஞாபகம் வந்துவிட்டது. கஸ்ரீன் மண்டபத்திலிருந்து நேரலை, மக்களே பேசலாம் என்றார்கள். மைக்கை வரிசை வரிசையாகக் கொண்டுபோய் நீட்டும் வேலை அத்தானுக்கு.

"நேரலைன்னா வெட்ட முடியாது. நானே சொல்லிடறேன்" என்று அக்காவிடம் சொன்னார். நிகழ்ச்சியைத் தீஜானி பார்க்க வேண்டும் என்று ஓட்டலுக்கு ஆள் மூலம் தகவலும் அனுப்பினார். அன்று காலையில் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டார். ஜாஸ்யாவையும் அழைத்துப் போனார். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை.

மண்டபத்தில் லக்தர் பிரமாதமாகப் பேசினார். "கடலைக் காட்டுங்க, வேணாம்னு சொல்லல. எங்களை அழ வெச்சு மட்டும் காட்டாதீங்க. சிரிக்கறதுக்கும் சேர்த்துத்தானே காசு கட்டறோம்?" கைத்தட்டல் அடங்கவில்லை. தொகுப்பாளருக்குச் சங்கடமாகியிருக்க வேண்டும். கண்ணால் துழாவி ஜாஸ்யாவைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இதோ, நாட்டையே அழவைத்த தாய் இங்கே இருக்கிறார்! நீங்கள் கட்டும் காசுதான் இவரைக் கடற்கரை மக்களின் கண்ணில் காட்டியது."

அத்தான் மைக்கோடு அவளிடம் போனார். கேமரா திரும்பியது. மைக்கை அவளிடம் நீட்டாமல் தன் வாய்க்குக் கொண்டுபோனார். "நான்..." என்றார். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தொகுப்பாளரின் முகத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது. அவர் நின்ற நிலையைப் பார்த்த ஜாஸ்யா எழுந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என் வீட்டுல அன்னிக்கு எல்லாமே இருந்துச்சு. என் மகன் தீஜானி ஒரு குறையும் வைக்கல. டி.வி.ல வரணும்னு எனக்குக் கிறுக்கு, நான்தான் பொய் சொன்னேன். தீஜானி, கோவத்தை என் மேல காட்டு. அவனை யாரும் ஏசாதீங்க."

இப்படியும் சிலர் உண்டு என்று சொல்லித் தொகுப்பாளர் சமாளித்தார். அத்தான் மைக்கை வாங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அதற்குப் பிறகு மலைப்பக்கத்துக்காரர்கள் பிச்சைக்காகப் பொய் சொல்கிறவர்கள் என்று கடற்கரை முழுக்கப் பேச்சு. என் சன்னலில் நின்றவர்களே ஜாஸ்யாவைக் கரித்துக் கொட்டினார்கள். அவள் தெருவில் போனால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தீஜானி வெள்ளிக்கிழமை வந்து இறங்கினான். தாயின் கையையும் தலையையும் முத்தமிட்டு அழுதான். ஜாஸ்யா அந்த அறையைத் திறந்து உலர்ந்த இறைச்சி எடுத்து கூஸ்கூஸ் சமைத்தாள். எங்களையும் கூப்பிட்டாள். அத்தான் வர மாட்டேன் என்றார். தீஜானியே வந்து இழுத்துப் போனான்.

எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். தீஜானி அத்தானின் தோளில் கை போட்டான்.

"எல்லாரும் எங்கம்மாவை வெச்சுப் பொழப்பு நடத்தினாங்க. நீ ஒருத்தன்தான் மைக்கைக் கொடுத்து உண்மையைப் பேச வெச்சே. உடன்பிறப்புன்னா இதுதான்."

எனக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஜாஸ்யா என்னைப் பார்த்தாள். பிறகு தட்டில் இருந்த இறைச்சியில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து கர்சல்லாவின் பக்கம் வைத்தாள்.

"சாப்பிடுடா, ஆறிடும்" என்றாள்.

அத்தான் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தீஜானியின் கை அவர் தோளிலேயே இருந்தது. அவர் மென்றுகொண்டே இருந்தார்.