தண்டவாள மணி

சூரமங்கலத்தில் என் தையல் கடைக்கு எதிரே ஒரு சிறிய தேவாலயம் இருந்தது. வாசல் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் அதற்கு மணி. சபையில் யாராவது இறந்தால் அதை அடிப்பவர் ஓர் அம்மா. ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை, எப்போதும் வெள்ளைப் புடவை. ஒவ்வோர் அடிக்குப் பிறகும், இரும்பின் நடுக்கம் நிற்கும்வரை அதன்மேல் உள்ளங்கையை வைத்திருப்பார். பிறகுதான் அடுத்த அடி.

ஒருமுறை காரணம் கேட்டேன்.

“சேரி சனம் செத்தா பெரிய கோயில்ல மணியே அடிக்கமாட்டாங்க கண்ணு. அதனாலதான் தண்டவாளம் போட்ட எங்க பாட்டன்மாருங்க இந்தக் கோயிலக் கட்டினாங்க. கூரை போடறதுக்கு முந்தியே இதத் தொங்க விட்டுட்டாங்க. அப்பிடி வந்த மணிய அவசர அவசரமா அடிக்கலாமா?”

போன வருடம் சாலையை அகலப்படுத்த ஆலயத்தை இடிக்க வந்தார்கள். சபைக்கு வாடகை மண்டபம் ஒன்று கிடைத்தது. மண்டபக்காரர், மணி மட்டும் கூடாது என்றுவிட்டாராம்.

இடிக்கும் இயந்திரம் வந்து நின்ற காலையில் மணி ஒருமுறை ஒலித்தது. வழக்கம்போல் வாசலுக்கு வந்து, “யாரும்மா போய்ட்டாங்க?” என்றேன்.

“இனிமே போகப்போற எல்லாருக்கும் அடிச்சேன் கண்ணு. எனக்கும் சேத்துத்தான்.”

அந்த ஓர் அடிதான். அன்று அவர் உள்ளங்கையை வைக்கவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த இரும்பை விட்டுத் தள்ளி நின்றார். அது எப்போது அடங்கியது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டார்கள்.