உப்புத் தண்ணீரில் கிடந்த துண்டு

எட்டு வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை அம்மாவின் பக்கத்தில் படுத்துத் தூங்குவதுதான். பெரிய ஆசையில்லை. ஆனாலும் இரண்டு மாதமாக அது கிடைக்கவில்லை. அம்மாவின் முதுகிலும் கையிலும் நீர்க்கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. ஒன்று உடைந்து காய்வதற்குள் பக்கத்தில் இன்னொன்று வரும். விவேக் நகரில் எங்கள் தெருவே கூடி அம்மை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாசலில் வேப்பிலை வந்தது, சமையலில் தாளிப்பு நின்றது, என்னைப் பக்கத்து ஏரியாவான அடுகோடியில் இருந்த அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றியும் அது இறங்கவில்லை. அதன் பிறகுதான் அப்பாவுக்கு டாக்டர் ஞாபகம் வந்தது.

நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அம்மாவின் கையை மரத்துப்போகச் செய்து, மிளகு அளவில் இரண்டு துண்டு வெட்டியெடுத்தார். ஒன்று கொப்புளத்தின் ஓரத்திலிருந்து. மற்றது அதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லாத நல்ல தோலிலிருந்து. என்ன வியாதி என்று அந்த நல்ல தோல்தான் நிச்சயமாகச் சொல்லும் என்றார். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: தொற்றாத வியாதி என்று அந்தத் துண்டு சொல்லிவிட்டால் நான் வீட்டுக்குத் திரும்பலாம்.

இரண்டு குப்பிகளையும் நாங்களேதான் வேறொரு லேபுக்கு எடுத்துப்போக வேண்டும். அங்கே அப்பா பையை என் மடியில் வைத்துவிட்டு வரிசையில் நிற்கப் போனார். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இரண்டு நாற்காலி காலி. பைக்குள் பார்த்தேன். கொப்புளத் துண்டு மூக்கைத் துளைக்கும் மருந்தில் இருந்தது. நல்ல துண்டு வெறும் உப்புத் தண்ணீரில் கிடந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. நான் வீடு திரும்புவதே அதை நம்பித்தான், அதற்குப் போய்த் தண்ணீரா? அழுகிவிட்டால் என் கதி என்ன? இரண்டு மூடிகளையும் திறந்து, மருந்தில் கொஞ்சத்தைத் தண்ணீர்க் குப்பியில் ஊற்றினேன். கண் எரிந்து நீர் கொட்டியது. நிமிர்ந்தால் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். அதில் தப்பிருப்பது அவளுக்கும் தெரிந்திருக்காது.

கவுண்ட்டரில் இருந்தவர் குப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுக் கன்னடத்தில் கத்தினார். அந்த மருந்து பட்டால் இந்தத் துண்டு எதற்கும் ஆகாதாம், மறுபடி வெட்டியாக வேண்டுமாம். யார் ஊற்றியது என்று கேட்டார். அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நான்தாங்க," என்றாள் அம்மா. "கெட்டுப்போயிடுமோன்னு ஊத்திட்டேன்."

அப்பா வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் அவள் கையில் இன்னொரு இடத்தில் வெட்டினார்கள். நான் அத்தை வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அம்மையும் இல்லை, தொற்றுகிற எதுவும் இல்லை. உடம்பின் காவலே சொந்தத் தோலை அந்நியம் என்று நினைத்துத் தாக்குகிறதாம், மாத்திரையில் அடங்குமாம். அப்பா என்னை அழைத்துவந்தார். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினேன்.

"கிட்ட வராதடி. அங்கயே நில்லு."

நின்றுவிட்டேன். அம்மா கட்டியிருந்த பழைய புடவையின் முந்தானை நுனியை என் பக்கம் நீட்டி, பிடித்துக்கொள்ளச் சொன்னாள். குப்பி விஷயத்தை அவள் மறக்கவில்லை, எல்லார் முன்னாலும் காப்பாற்றிவிட்டு இப்போது கணக்குத் தீர்க்கிறாள் என்று நினைத்தேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. முந்தானையைத் தொடாமல் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சில மாதத்தில் புண்கள் ஆறின. பக்கத்தில் படுக்கக் கூப்பிட்டாள், போனேன். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா போய் நான்கு வருஷமாகிறது. போன மாதம் அவளுடைய பழைய ஃபைலைப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே டாக்டர் எழுதியிருந்தார்: விரலால் லேசாகத் தேய்த்தாலே நல்ல தோலும் உரிந்து வருகிறது, தொடும்போது கவனம். அவளுடைய வியாதி எனக்கு வராது என்பது மட்டும்தான் அன்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் கட்டிப்பிடித்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த முந்தானை நுனியையாவது நான் பிடித்திருக்கலாம்.