பனிமலை வாடகைக் கடையில் நான் கேட்டவை

பனிச்சப்பாத்தும் தேடுகருவியும் பனி தோண்டும் சவளும் வாடகைக்குக் கொடுப்பது சுகமான வேலை. அவற்றை ஏன் கொண்டுபோக வேண்டும் என்று விளங்கப்படுத்துவதில்தான் என் தொண்டைத்தண்ணி வற்றுகிறது. ஜெர்மனியின் தெற்கு ஓரத்தில், ஆல்கொய் மலையடிவாரத்தில், கேபிள் கார் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. முதலாளி ஹூபெர்ட் ஆட்களை மலைக்குக் கூட்டிப்போவார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பனியை முதலில் ஃபிரிட்ஜுக்குள் கண்ட நான் கவுண்டரில் நிற்பேன். எந்தக் கடையிலாவது கவுண்டருக்குப் பின்னால் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

ஐந்துக்கு மூன்று

கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கிற நாலைந்து தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பனிச்சரிவு அபாயத்தை ஐந்து நிலைகளாகச் சொல்வார்கள்; அன்றைக்கு மூன்றாம் நிலை. இரவு முழுக்கக் காற்றடித்து, புதுப்பனியை அள்ளிக்கொண்டுபோய் மலையின் மறுபக்கத்தில் குவித்திருந்தது. மேலே பலகைபோல இறுகியிருக்கும், அடியில் சீனிபோல உதிர்ந்துகிடக்கும், ஒருவர் மிதித்தாலே பலகை முழுக்கக் கழன்று வரும் என்றெல்லாம் கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தினேன். சரிவுப் பக்கம் போகாமல் காட்டுப் பாதையால் நடக்கச் சொன்னேன். எல்லாரும் அக்கறையாகத் தலையாட்டினார்கள். கடைசியாக நின்ற கண்ணாடிக்காரத் தம்பி மட்டும் எதையோ யோசித்துவிட்டுக் கேட்டார்: "அஞ்சுக்கு மூணுன்னா பாஸ்தானேக்கா?"

பிடி

காற்றுப்பை வைத்த முதுகுப்பை ஒன்று இருக்கிறது. பனி சரிந்து வரும்போது தோளில் தொங்கும் பிடியை இழுத்தால், இரண்டு பெரிய பலூன்கள் சட்டென்று ஊதி விரிந்து ஆளைப் பனிக்கு மேலே மிதக்கவைக்கும். டோர்ட்முண்டில் இருந்து வந்த ஓர் அண்ணைக்கு அதைக் கொடுத்து, பனி வந்தாலொழியப் பிடியைத் தொடவேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன்.

கடைவாசலில்தான் பஸ் ஏறினார். சனம் நிறைந்த பஸ். முதல் வளைவில் சாரதி பிரேக் போட்டிருக்கிறார். விழாமல் இருக்க அண்ணை எதையாவது பிடிக்கப் பார்த்திருக்கிறார். கையில் அகப்பட்டது அதுதான். ஒரு ஜெர்மன் அம்மா கண்ணாடியோடு ஒட்டிப்போனாவாம், அவவின் நாய் சீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டதாம். அண்ணை அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பலூன்களோடு நடந்தே திரும்பி வந்தார். கதவுக்குள்ளால் நுழைய ஏலாமல் வாசலில் நின்றபடி சொன்னார்: "தங்கச்சி, கைக்கெட்டிற இடத்தில ஒரு பிடியை வைச்சிட்டு, பிடியாதேங்கோ எண்டால் மனுசன் என்னெண்டு பிடிக்காமல் இருக்கிறது?"

சிக்கனம்

தேடுகருவி சின்னச் சாமான். நெஞ்சில் கட்டிக்கொண்டு போகவேண்டும். பனிக்குள் புதைந்தவரின் கருவி சத்தமில்லாமல் சிக்னல் அனுப்ப, வெளியில் நிற்பவரின் கருவி அந்த இடத்தைக் காட்டும். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கம்பம் உண்டு. கருவி வேலை செய்தால் அதில் பச்சை எரியும்.

டார்ம்ஸ்டாட்டில் இருந்து வந்த ஒரு பொறியாளர், கம்பத்தில் சிவப்பு எரிகிறது, நீங்கள் தந்தது பழுதான சாமான் என்று கோபமாகத் திரும்பி வந்தார். வாங்கிப் பார்த்தேன். கருவி அணைத்தே இருந்தது. ஏன் என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பேட்டரி வேஸ்ட் ஆகக்கூடாதுல்ல மேடம்? புதைஞ்சதும் ஆன் பண்ணிக்கறேன்."

நின்ற மனிதர்

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இருந்து வந்த வசந்தி அக்காவும் அவவின் மனுசன் சிவம் அண்ணையும் சப்பாத்து அளவு பார்க்கும்போதே சண்டை தொடங்கிவிட்டார்கள். எங்கே போனாலும் சொன்ன இடத்தில் நிற்கமாட்டார், சந்தையிலும் தொலைவார், ஏர்போட்டிலும் தொலைவார் என்பது அக்காவின் முறைப்பாடு. அண்ணை அதைக் கேட்காமல் தொப்பி பார்க்கப் போய்விட்டார். ஒருவழியாக இருவரையும் ஹூபெர்ட் மலைக்குக் கூட்டிப்போனார்.

மத்தியானம் ஹூபெர்ட் ரேடியோவில் கூப்பிட்டார். ஓர் ஆளைப் பனி இழுத்துக்கொண்டு போய்விட்டது, மலை மீட்பாளருக்குச் சொல் என்றார். யார் என்று கேட்க முதல் தொடர்பு அறுந்துவிட்டது. மீட்பாளருக்குச் சொல்லிவிட்டு, ஒரே சப்பாத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது பிறகு தெரிந்தது. ஒரு சிறிய சரிவை ஒவ்வொருவராகக் கடக்கச் சொல்லியிருக்கிறார் ஹூபெர்ட். அக்கா கடந்துபோய், கூப்பிடும்வரைக்கும் வரவேண்டாம் என்று கையைக் காட்டியிருக்கிறா. தேத்தண்ணிப் போத்தல் யாரிடம் இருக்கிறது என்று கேட்பதற்காக அண்ணை பின்னாலேயே வெளிக்கிட்டிருக்கிறார். பனிப்பலகை கழன்றது. மேட்டுக்கு அப்பால் ஆள் மறைந்துபோக, அக்கா தேடுகருவியைப் பிடித்தபடி ஓடியிருக்கிறா. அண்ணை நெஞ்சுவரை புதைந்து, அசைய ஏலாமல், கண்ணை மட்டும் முழித்துக்கொண்டு இருந்தாராம். அக்காவும் ஹூபெர்ட்டும் சவளால் தோண்டி எடுத்தார்கள். கணுக்கால் சுளுக்கியதோடு போயிற்று.

அண்ணையைக் கடைக்குள் கொண்டுவந்து இருத்தி, கம்பளியால் போர்த்தி, தேத்தண்ணி கொடுத்தேன். அக்கா அழுது முடித்து, அவருடைய கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தா. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னா: "பிள்ளை, கலியாணம் கட்டின நாளிலயிருந்து, நான் வரும்வரைக்கும் இந்தாள் ஒரு இடத்தில அசையாமல் நிண்டது இண்டைக்குத்தான்."

பனி எப்படி இருக்கும் என்று காலையில் அறிக்கை விட இந்த நாட்டில் ஓர் அலுவலகம் இருக்கிறது. சனம் எப்படி இருக்கும் என்று அறிக்கை விடத்தான் இன்னும் ஒன்றும் திறக்கவில்லை.