கருங்காலிக் கட்டை மிதந்த கதை

போன செவ்வாய்க்கிழமை ஒரு பொய் சொன்னேன். நாற்பது குழந்தைகளுக்கு முன்னால், பட்டப்பகலில், ஒரு வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் இந்த வாரம் என்னிடம் நகைச்சுவை எதிர்பார்க்காதீர்கள்.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மே மாதம் இதே பத்தியில் ஒரு செய்தியைப் பாராட்டி எழுதியிருந்தேன். ஒன்றாம் வகுப்பில் முதல் வாரம் புத்தகமே கிடையாதாம். குழந்தைகள் கையால் தொட்டு, போட்டு, பார்த்து விஞ்ஞானம் படிக்கப் போகிறார்களாம். ஆகா, ஓகோ என்று அரைப் பக்கம் எழுதித் தள்ளினேன். அதைப் படித்துவிட்டு, குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். 'நீங்களே வந்து பாருங்க' என்றார். நானும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஜூன் மழை... ஜீப்பிலிருந்து இறங்கி நடந்ததில் காலில் நாலு அட்டை.

வகுப்பு நடுவில் தகர வாளி. எது மிதக்கும், எது மூழ்கும்? வீட்டிலிருந்து ஆளுக்கொரு சாமான் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஏலக்காய், ஆணி, புளியங்கொட்டை, தீப்பெட்டி, ஓட்டாஞ்சில்லு என்று வரிசையாக வாளிக்குள் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் கூச்சல், கைதட்டல். எனக்கே ஒன்று போட்டுப் பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது.

சுவரில் ஒரு சார்ட். நீல மையில் 'மிதப்பவை', சிவப்பு மையில் 'மூழ்குபவை'. அழகான கையெழுத்து. வாளியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே எல்லாப் பெயர்களும் எழுதி முடித்தாகிவிட்டது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தேன்.

ஜெயராணி என்று ஒரு பெண். ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை. கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள். அவள் கொண்டுவந்தது கறுப்பாக ஒரு மரத்துண்டு. உடைந்த உலக்கையின் நடுப்பாகம். இரண்டு கையாலும் தூக்கிப் போட்டாள். டொக்கென்று வாளியின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"முங்கிருச்சு சார்."

ஹெட்மாஸ்டர் சிரித்தார். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரர், மரியாதையான மனிதர், பேச்சில் அந்தப் பக்கத்துக் கொங்குத் தமிழ். "நல்லாப் பாத்துச் சொல்லு கண்ணு. கட்டை மிதக்குமா, முங்குமா?"

"முங்கிருச்சு சார்."

எடுத்தார். இரும்புப் பூண் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். இல்லை. பூப்போல மெதுவாகத் தண்ணீரில் வைத்தார். அதற்கென்ன மெதுவும் வேகமும்? மறுபடியும் டொக்.

சார்ட்டைப் பார்த்தார். நீல மையில் முதல் வரியே 'கட்டை'. பிறகு என்னைப் பார்த்தார். "ஏனுங்க மேடம், நீங்களே சொல்லுங்க. கட்டை மிதக்குமுங்களா?"

நாற்பது ஜோடிக் கண்கள் என்மேல். அப்போதுதான் காபி கொடுத்திருந்தார்கள், பன் கொடுத்திருந்தார்கள். நாலு பேர் முன்னால் மனிதரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "கட்டைன்னா... மிதக்கும்" என்றேன்.

ஜெயராணி வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு "மிதக்கும்" என்றாள். வகுப்பே கைதட்டியது.

மறுநாள் சாயங்காலம் எங்கள் குமுளி பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். வாரச் சாமான் வாங்க இறங்கி வந்திருந்தார். முதல் நாள் நான் தோட்டத்தில் ஜீப்பிலிருந்து இறங்கியதைப் பார்த்திருந்தாராம்.

"அக்கா, எம்மக பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேங்குறா. ஏன்டின்னு கேட்டா, அங்க பாத்ததச் சொல்லக் கூடாதாம்மாங்குறா. அது கருங்காலிக்கா, எங்க ஆத்தா வீட்டுல குடுத்த ஒலக்க. முங்கத்தான செய்யும்? நாந்தான் கைநாட்டு. இவளாச்சும் நாலெழுத்துப் படிக்கட்டும்னு அனுப்புனேன். முத வாரமே இப்பிடின்னா நா என்ன செய்ய?"

சண்டை போட வந்தவர் இல்லை. நிஜமாகவே என்னிடம் யோசனை கேட்டார். நான் வெட்கத்தில் செத்தேன்.

வியாழக்கிழமை காலை தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெட்மாஸ்டரைத் தனியாக அழைத்து, கருங்காலி தண்ணீரில் மூழ்கும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"எனக்குத் தெரியாதுங்களா மேடம்? எங்கூட்லயும் கருங்காலி ஒலக்கைதானுங்க. ஆனா சார்ட்டுல கட்டைன்னு போட்டாச்சுங்களே. திங்கக்கெழமை இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆபீசர் வர்றாருங்க. அடிச்சுத் திருத்துனா பார்வைக்கு நல்லா இருக்காதுங்க."

தெரியுமாம்! தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஒரு அதிகாரியின் பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக ஆறு வயதுக் குழந்தையின் பார்வையைப் பிடுங்குவதா? பதிலை முதலில் எழுதி ஒட்டிவிட்டு அப்புறம் பரிசோதனை செய்வதற்கு எதற்கய்யா வாளி, எதற்குத் தண்ணீர்? பழைய மனப்பாடமே தேவலை. அதில் குழந்தை வாயால் மட்டும்தான் ஒப்பித்தது. இப்போது கண்ணும் சேர்ந்து ஒப்பிக்க வேண்டுமாம். அவர்மேல் மட்டுமா கோபம்? ஒரு காபிக்கும் பன்னுக்கும் சாட்சி சொன்னவள் நான்தானே?

வகுப்புக்குள் போனேன். "செவ்வாய்க்கிழமை நான் சொன்னது பொய். ஜெயராணி சொன்னதுதான் சரி" என்றேன். குழந்தைகள் வாயைப் பிளந்தார்கள். பெரியவர்கள் யாரும் அவர்களிடம் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை போலிருக்கிறது. ஜெயராணி கட்டையைப் போட்டாள். டொக். "முங்கிருச்சு" என்று கூரை அதிர்ந்தது. ஹெட்மாஸ்டர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார்ட்டில் கை வைக்கவில்லை.

கிளம்பும்போது ஜெயராணி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, ஆபீசர் வர்ற அன்னைக்கு நீங்களும் வருவீகளா?"

"எதுக்கும்மா?"

"நீங்க வராட்டி சார் திரும்பவும் மிதக்க வச்சிருவாரு."

திங்கட்கிழமை முதல் ஜீப்பில் போகிறேன். வீட்டிலேயே காபி குடித்துவிட்டு.