தம்பிக்கு வைத்த சோப்பு

ஒன்பது வயதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எந்தக் கடைக்கு அரிசி எப்போது வரும், ஜப்பான் சிப்பாய் எதிரே வந்தால் எவ்வளவு குனிய வேண்டும், எல்லாம் அத்துப்படி. ஆகவே கைக்குழந்தையான தம்பி ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை என்றதும், அதையும் நான்தான் தீர்த்துவைக்கப் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அது ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலம். தேக்கா வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் குடியிருந்தோம். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னார்களாம். தம்பி பிறந்ததே அதற்குப் பிறகுதான். அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது, டின் பாலும் கிடைக்கவில்லை. மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிப் புகட்டினோம். அது உள்ளே போனதோடு சரி.

அம்மா ஜப்பானியர் முகாமுக்குப் புல் வெட்டப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். அதுவரை தம்பி, அம்மாவின் தங்கையான சின்னம்மாவின் பொறுப்பு. சின்னம்மா என் பொறுப்பு என்பது என் எண்ணம்.

அன்று தம்பியின் வயிறு கல்லாக இருந்தது. சங்கில் ஊற்றிய வெந்நீரைத் துப்பினான். அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினான். சின்னம்மா தொப்புளைச் சுற்றி எண்ணெய் தடவினாள், கால்களை மடக்கி மடக்கி நீட்டினாள். திராட்சை ஊறிய தண்ணீர் கொடுக்கலாம் என்றால் உலர்ந்த திராட்சையைக் கண்ணால் பார்த்தே வெகு காலமாகியிருந்தது. வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைத்துப் பார்த்தாள். வாடிய காம்பு வளைந்ததே தவிர உதவவில்லை.

"இப்படியே விட்டா புள்ள தாங்காது" என்று சின்னம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டாள்.

"சோப்பைச் சீவி வச்சா போயிடும். ஆனா இப்ப விக்கிறது காரம், புள்ளைக்கு எரியும். பழைய நல்ல சோப்பு யாருகிட்ட இருக்கு?" என்றாள்.

"நம்மகிட்டயே இருக்கு" என்றேன்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியில், அப்பாவின் வேட்டிக்குள், அவர் தேய்த்துப் பாதியாக்கிய வாசனை சோப்பு இருந்தது. அம்மா தினமும் வேலையிலிருந்து வந்ததும் அதை எடுத்து முகத்தருகே கொண்டுபோவாள். எறும்பு அரித்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நானே தீர்மானித்திருந்தேன்.

சின்னம்மா அதைப் பார்த்ததும் தயங்கினாள். "அக்கா கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

நகத்தளவு சீவி, தண்ணீரில் நனைத்து வழவழப்பாக்கி வைத்தாள். இன்றைக்கு எந்த டாக்டரிடம் சொன்னாலும் திட்டுவார். அன்றைக்கு ஒரு வழியாகத் தம்பி முகம் சிவக்க முக்கினான். பாயும் பாழ், என் பாவாடையும் பாழ். சின்னம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

எதையும் அரைகுறையாக விடுவது என் வழக்கமில்லை. சின்னம்மா கஞ்சி காய்ச்சப் போன நேரத்தில் மிச்சச் சோப்பைத் தேய்த்துத் தம்பியைக் குளிப்பாட்டினேன். அவன் துணி, என் பாவாடை எல்லாவற்றையும் துவைத்தேன். சோப்பு கரைந்தே போயிற்று. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து எங்கள் அறை அப்படி மணந்ததில்லை.

சாயங்காலம் அம்மா மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு தடதடவென்று ஏறிவந்து கதவுக்குப் பின்னால் பார்த்தாள், குளியலறையில் பார்த்தாள்.

"எப்ப வந்தாரு?" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"யாரும் வரலம்மா. தம்பி வெளிக்குப் போயிட்டான்" என்றேன் பெருமையாக. சோப்புக் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சின்னம்மா மட்டும் தலைநிமிரவே இல்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. கீழே உட்கார்ந்து, தம்பியை வாங்கி, அவன் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். அவனோ கைகால் உதைத்து விளையாடினான். பிள்ளை பிழைத்த சந்தோஷம் என்று நினைத்தேன். அதுவும் இருந்திருக்கும்.

அப்பா கடைசிவரை வரவில்லை.

மறுநாள் தம்பியைக் குளிப்பாட்ட வேண்டாம் என்றாள் அம்மா. அதற்கு மறுநாளும் வேண்டாம் என்றாள். நான் அவ்வளவு சுத்தமாகக் குளிப்பாட்டியிருக்கிறேன் என்று சின்னம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.